பதின்மூன்றாம் ஞாயிறு வராத வருஷம்

என் மனைவியை எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. உண்மையில் அவள் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டைகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் விட்ட இடத்தில், காலர் கோணிய இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். வீட்டில் என் சட்டைக்கும் அதே கதி, என் பேச்சுக்கும் அதே கதி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் குறை கண்டுபிடிக்காத நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஆனால் கோயிலுக்குள் இருப்பது குறைவு. பிரசங்கம் ஆரம்பித்ததும் மெதுவாக நழுவி, வண்டி நிறுத்துகிற கொட்டகையில் வந்து நிற்கிற ஆண்கள் கூட்டம் எல்லாக் கோயிலிலும் உண்டு. எங்கள் கோயிலில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் நான் போட்டியில்லாமல் ஜெயிப்பேன் என்பாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

ஏழு மணிப் பூசைக்கு முன்னால், ஆறே காலுக்கு, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் அவள் வகுப்பு எடுப்பாள். பத்தொன்பது வருஷம் எடுத்தாள். மடக்கு நாற்காலிகளை நான்தான் போட வேண்டும், நான்தான் மடக்கி வைக்க வேண்டும். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். அன்றைக்குப் பூசையில் வாசிக்கப் போகிற வாசகங்களை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து பூசையின் ஏதாவது ஒரு பகுதிக்கு வழி பிடிப்பாள். 

"பூசை பாக்கப் போறேன்னு சொல்லாதீங்க. பாக்குறதுக்கு அது என்ன சினிமாவா?" என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் ஆரம்பிப்பாள். எசாயா இறைவாக்கினர் வானதூதர்கள் பாடுவதைக் கேட்ட வாசகம் வருகிற ஞாயிறு, நாம் பூசையில் "தூயவர்" என்று மூன்று தடவை பாடுவது எங்கிருந்து வந்தது என்று சொல்வாள். வழியில் நடந்துபோன இரண்டு சீடர்களோடு யாரென்று தெரியாமல் ஆண்டவர் சேர்ந்து நடந்த வாசகம் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். "வழி நெடுக வேதத்தைப் பேசுனாங்க, வீட்டுக்குப் போயி அப்பத்தைப் பிட்டாங்க. நம்ம பூசையோட ரெண்டு பாதியும் அவ்வளவுதான். முதல் பாதியில தூங்கிட்டு ரெண்டாம் பாதிக்கு மட்டும் கையை நீட்டுனா எப்படி?" என்று கேட்பாள். அப்போது ஜன்னல் வழியாக, வெளியே நிற்கிற என்னைப் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கோயிலில் ஞாயிறு வாசகங்களுக்கு மூன்று வருஷச் சுற்று. இந்த ஞாயிறு வாசித்த நற்செய்தி மறுபடி வர வேண்டுமென்றால் மூன்று வருஷம் ஆக வேண்டும். அதனால் அவளிடம் மூன்று தடித்த நோட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு பக்கம். திருநாள் காலங்கள் போக மிச்சமுள்ள பொதுக்கால ஞாயிறுகளை மூன்றாம் ஞாயிறு, எட்டாம் ஞாயிறு என்று எண் போட்டு வைத்திருப்பாள். சட்டையில் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரியைப் பக்க அடையாளத்துக்கு உள்ளே வைத்திருப்பாள்.

அந்த வகுப்புக்கு விடாமல் வந்தவள் தபால்காரம்மா. எங்கள் தெருவுக்கும் என் பட்டறை இருக்கிற தெருவுக்கும் அவள்தான் கடிதம் கொண்டுவருவாள். புருஷன் இல்லை, ஒரே பெண். எட்டு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். பெண் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். நினைவு வருவதும் போவதுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தது.

ஆறாம் நாள் ஞாயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, முகம்கூடக் கழுவாமல், தபால்காரம்மா வகுப்புக்கு வந்து நின்றாள். அன்றைக்குப் பதின்மூன்றாம் ஞாயிறு. அந்த ஞாயிற்று நற்செய்தி என்ன தெரியுமா? யூதர்களுடைய தொழுகைக்கூடத் தலைவர் ஒருவருடைய மகள் சாகக் கிடக்கிறாள், வயது பன்னிரண்டு. அவர் ஆண்டவர் காலில் வந்து விழுகிறார். வழியிலேயே பிள்ளை செத்துப்போனதாகச் செய்தி வருகிறது. பயப்படாதே, நம்பு, அது போதும் என்கிறார் ஆண்டவர். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பி, அதற்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார்.

யாராக இருந்தாலும் வாய் சும்மா இருந்திருக்காது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி நோட்டை மூடி வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் தபால்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த அப்பா ஒரு துளிகூடச் சந்தேகப்படல. அந்த நம்பிக்கைதான் பிள்ளையை எழுப்புச்சு. நீயும் அப்படி நம்பும்மா. உன் பொண்ணு எழுந்திரிப்பா. எழுந்து சாப்பிடுவா."

ஹாலில் எல்லாரும் ஆமென் என்றார்கள். வெளியே நின்ற நானும் சொன்னேன். புதன்கிழமை காலையில் பிள்ளை இறந்துபோனது.

அடக்கப் பூசைக்குத் தபால்காரம்மா வந்தாள். அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. முப்பதாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். கதவைப் பாதி திறந்தாள். என் மனைவி வாயெடுப்பதற்கு முன்பே அவள் கேட்டாள்.

"நான் நம்புனது பத்தல, அப்படித்தானே டீச்சர்?"

பதில் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே நின்றபடியே, "மன்னிச்சுடும்மா, நான் சொன்னது தப்பு" என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நாங்கள் படி இறங்கி வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. எங்களுக்கு ஒரு மகன், கல்யாணமாகித் தனியாக இருக்கிறான். அவன் போன் செய்தால் என் மனைவி இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். தன் பிள்ளை நன்றாக இருப்பதே ஏதோ தப்பு மாதிரி நடந்துகொண்டாள். வகுப்பை விடவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது, சினிமா ஜோக்கும் போய்விட்டது. இரண்டாம் நோட்டில் பதின்மூன்றாம் ஞாயிற்றின் பக்கத்தைக் கத்திரியால் வெட்டி எடுத்துவிட்டு, வேறு தாளில் திருப்பி எழுத ஆரம்பித்தாள். எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தட்டு வைக்க இடம் இருக்காது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இன்னொரு தடவை போய்க் கதவைத் தட்டு. வா, நானும் வர்றேன். இப்படி எழுதி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று கத்தினேன்.

"கதவுகிட்ட நின்னு மன்னிப்புக் கேட்டா அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தாங்க" என்றாள். "நான் எல்லார் முன்னாடியும்ல சொன்னேன். அந்த வாசகத்தை வெச்சுச் சொன்னேன். அதே வாசகம் திரும்பி வரட்டும். அதே ஆளுங்க முன்னாடி, அவளை உட்கார வெச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். இல்லன்னா அவ செத்தாலும் தன்னாலதான் பிள்ளை போச்சுன்னு நினைச்சுட்டே சாவா."

"அதுக்கு மூணு வருஷம் ஆகும்டி."

"ஆகட்டும்."

கடைசியில் அவள் எழுதி முடித்த தாளை நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். மூன்றே பத்தி. நம்பியதற்குக் கூலியாக அந்தப் பிள்ளை எழவில்லை. அதே ஊரில் அதே நாளில் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் செத்திருக்கும். அந்த அம்மாக்களும் நம்பித்தான் இருப்பார்கள். அந்த வீடுகளுக்கு ஏன் ஆண்டவர் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று இருந்தது. கீழே, பூசையில் நாம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வாசகத்துக்கே போகிறோம், நானும் அப்படித்தான் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். தாளை இருந்த மாதிரியே வைத்துவிட்டு நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வருஷம் பிறந்தது. ஒருநாள் தபால்காரம்மா பட்டறைக்கு ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே நானாக வாயைத் திறந்தேன். என் மனைவிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள்.

"தங்கச்சி, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வாம்மா. அவ உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கா."

அவள் பேனாவை வாங்கிப் பைக்குள் போட்டாள். "எந்த ஞாயிறுன்னு எனக்குத் தெரியும்ணே. நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். எட்டு வருஷம் டீச்சர்கிட்ட படிச்சவ இல்லையா? வர்றேன்."

அன்றைக்கு நான் மோட்டாரைத் தொடவே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுப் பூசையில் முதல் வாசகத்தை வாசிப்பதும் அவள் முறையாகவே வந்தது. வாசிக்கிறவர்கள் பட்டியலில் தேதியும் ஆளும் மட்டும்தான் போடுவார்கள். பதின்மூன்றாம் ஞாயிற்று வாசகம் அவளுக்கு மனப்பாடம். கடவுள் சாவை உண்டாக்கவில்லை என்று ஆரம்பிக்கும். குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின ஞாயிறு ஃபாதர் பூசை முடிவில் ஏதோ அறிவிப்புச் சொன்னாராம். அறிவிப்பு நேரத்தில் நான் கொட்டகையில். அவள் உள்ளேதான் இருந்தாள், ஆனால் ஒன்றும் காதில் ஏறவில்லை.

அன்று விடிந்ததும் போனோம். நான் நாற்காலிகளைப் போட்டேன். அவள் வாசகப் புத்தகத்தை எடுத்துவரக் கோயிலுக்குள் போனாள். போனவள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். நடுவழியில் நின்றுகொண்டிருந்தாள். வாசக மேடையில் சிவப்புத் துணி விரித்திருந்தார்கள்.

பொதுக்காலம் என்றால் பச்சைத் துணி. சிவப்பு என்றால் வேதத்துக்காக உயிர் விட்டவர்களுடைய திருநாள். பேதுருவும் பவுலும் சேர்ந்து வருகிற திருநாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அது பெரிய திருநாள், ஞாயிற்றையே தள்ளிவிடும். அதன் வாசகங்கள்தான் அன்றைக்கு வாசிக்கப்படும். பதின்மூன்றாம் ஞாயிறு அந்த வருஷம் கிடையாது. அடுத்தது இன்னும் மூன்று வருஷம் கழித்து. காலண்டரைப் பாருங்கள், காலண்டரைப் பாருங்கள் என்று பத்தொன்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் நோட்டில் இருந்த எண்ணை மட்டும் நம்பிக் காலண்டரைப் பார்க்கவே இல்லை.

"வேற எதையோ சொல்லிச் சமாளிச்சுடு" என்றேன்.

"அவ வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டாள்.

தபால்காரம்மா வந்து கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். முன்வரிசை நாற்காலியை நான் காட்டியும் எழுந்திருக்கவில்லை. என் மனைவி முன்னால் போய் நின்றாள். கையில் அந்த மூன்று பத்தித் தாள். அதை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, அன்றைய முதல் வாசகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். அரசன் ஏரோது சபையைத் துன்புறுத்துகிறான். யோவானின் அண்ணன் யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்கிறான். அப்புறம் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். சபை முழுவதும் பேதுருவுக்காக விடாமல் ஜெபிக்கிறது. வானதூதர் வருகிறார், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது.

அடப் பாவமே, இதைவிட மோசமான வாசகம் கிடைக்காதா என்று நான் ஜன்னலோரம் நின்று பல்லைக் கடித்தேன். ஜெபித்தார்கள், பிழைத்தார். மறுபடி அதே அடி, அதே இடத்தில்.

வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"பேதுருவுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணாங்க, வெளிய வந்துட்டாரு. சரி. அதுக்கு முந்துன வரியில யாக்கோபை வெட்டிட்டாங்கன்னு இருக்கே. அவருக்காக யாரும் ஜெபம் பண்ணலியா? அவருக்கும் அம்மா இருந்தாங்களே. என் ரெண்டு பசங்களையும் உங்க பக்கத்துல உட்கார வைங்கன்னு ஆண்டவர்கிட்ட வந்து கேட்டாங்களே, அந்த அம்மாதானே? நீங்கதான் ஒருதடவை சொன்னீங்க."

என் மனைவி நோட்டைப் பார்த்தாள். அதை மூடிக் கீழே வைத்தாள்.

"பண்ணியிருப்பாங்கம்மா. அந்த அம்மாவும் பண்ணியிருப்பாங்க."

"அப்புறம் ஏன்?"

"தெரியலம்மா. எனக்குத் தெரியல." அதற்கு மேல் அவள் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. "மூணு வருஷத்துக்கு முன்னாடி எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். உன் பொண்ணு எழுந்திரிப்பான்னு சொல்றதுக்கு நான் யாரு? நீ நம்புனதுல ஒரு குறையும் இல்ல. நான் பேசுனதுதான் தப்பு. இங்க இருக்கிற எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்மேல. மன்னிச்சுடும்மா."

எனக்கு நெஞ்சில் இருந்த பாறை இறங்கிய மாதிரி இருந்தது. ஞாயிறு தவறினால் என்ன, வாசகம் மாறினால் என்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். தபால்காரம்மா எழுந்து நின்றாள். கோபம் இல்லை அவள் முகத்தில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்போம்.

"இந்தத் தெரியலங்கிறதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றாள். "அன்னைக்கு இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழ ஒரு சின்ன ஜெப அறை இருக்கு. அங்க உட்கார்ந்துட்டேன். மூணு நாள். ஒரு துளி சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல? மேல போயி அவ முகத்தைப் பாத்தா நம்பிக்கை உடைஞ்சுடும்னு பயம். எங்க அக்காதான் மேல இருந்தா. நினைவு வர்றப்ப எல்லாம் அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டாளாம். அக்கா வந்து கூப்பிட்டா. நான் போகல. கீழ உட்கார்ந்து நம்பிட்டு இருந்தேன்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, அவகூடப் போயி இருந்திருப்பேன். அவ்வளவுதான். வர்றேன் டீச்சர்."

பூசைக்கு முதல் மணி அடித்தது. அவள் கோயில் பக்கம் போகாமல் வெளிக் கதவைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலி சத்தம் போடாமல் கோயிலுக்குப் போனார்கள். மூன்று வருஷம் என் மனைவி எழுதி எழுதித் திருத்தியது வேறு ஒரு தப்பு. உண்மையான தப்பு என்னவென்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது, அதைத் திருத்த எந்த வருஷத்திலும் எந்த ஞாயிறும் கிடையாது. அவள் முதல் வரிசையில், தபால்காரம்மாவுக்காகப் போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வா, மணி அடிச்சாச்சு. வாசகம் உன் முறை" என்றேன்.

"என்னால முடியாதுங்க. நீங்க போயி வாசிங்க."

நானா? மேடை ஏறி வாசிப்பதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது? போனேன். உள்ளே நான் வருவதைப் பார்த்துக் கொட்டகைக் கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். மேடையில் ஏறினேன். செம்புக் கம்பியைத் தவிர வேறெதையும் நிதானமாகப் பிடித்துப் பழகாத விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தேன். ஏரோது, யாக்கோபு, வாள், பேதுரு, சங்கிலி. முடித்துவிட்டு, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன்.

"இறைவா, உமக்கு நன்றி" என்றார்கள் எல்லாரும். நான் சொல்லவில்லை.

பிரசங்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போல வெளியே வந்தேன், ஆனால் கொட்டகைக்குப் போகவில்லை. ஹாலில் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். மூன்று நோட்டுகளும் மடியில் இருந்தன.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"யாக்கோபு பேரு வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்துனீங்களா?"

"நிறுத்தணும்னுதான் பார்த்தேன். அடுத்த வரியிலேயே பேதுரு வந்துடுறாரும்மா."

அவள் தலையை ஆட்டினாள். நான் மற்ற நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் சாத்தினேன். அவள் உட்கார்ந்திருந்ததை மட்டும் மடக்காமல் பக்கத்தில் நின்றேன்.